தலையணைக்குக் கெபாயா போட்ட மிஸ்ஸி

வெள்ளிக்கிழமை காலை மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். மருத்துவமனை ஊழியர் ஒருவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, மிஸ்ஸி மீனாட்சி கண் திறக்காமலே போய்விட்டார் என்றார். ஏழாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லி முடித்தார்கள்.

காஜா பேராங் முதலுதவிக் குழுவில் இருந்த நமக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. பழைய தமிழ்க் குடிகளின் கிராமமான கம்போங் சிட்டியில் பிறந்தவர். வீட்டில் மலாய்தான், நமக்காகவே தமிழ் பேசிப் பழகிய நர்ஸ். நாடு விடுதலையான மெர்டேகாவுக்கு முன் நாம் கற்றது, மூச்சு நின்றவரைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கும் முறை. அது பழசாகிவிட்டது, இனி மல்லாக்கப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்த வேண்டும், வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும் என்று அவர் சொன்னதும், எச்சில் என்று பாதிப் பேர் எழுந்து போனோம். நானும்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மிஞ்சியவர்களுக்குப் பாடம் நடத்தினார். இரண்டு வாரத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிட்டோம்.

சீனர் கடைக்காரரின் குழந்தை தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது நினைவிருக்கும். பெரியவர்கள் அதைக் காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸி பிடுங்கித் தரையில் கிடத்தினார். கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் ஊதினார்; ஒரே கையால் அழுத்தினார். குழந்தை அழுதது. பிறகு நம்மிடம், குழந்தைக்கு ஒரு கை, பெரியவருக்கு இரண்டு கையும் உடம்புப் பாரமும் வேண்டும், மாற்றிவிடாதீர்கள் என்று பத்துத் தடவை சொன்னார்.

நாம் பழகியது ஒரு நீளத் தலையணையில். ஆண்கள் வெளுத்து வாங்கினோம். ஒருநாள் தம்முடைய நீலக் கெபாயாச் சட்டையை அதற்கு மாட்டிவிட்டார். அவ்வளவுதான், எங்கள் கைகள் பூப்பறிக்கப் போய்விட்டன. மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பொம்பளைன்னா சாக விட்டுருவீங்களா, வாத்தியாரே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மாலை மண்டபத்தில் அவரும் நானும் மட்டும் இருந்தோம். கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூச்சு இல்லை. நாடி இல்லை. என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் என்ன செய்தேன்? தெருக்கோடி மளிகைக்கடை அக்காவைக் கூப்பிட ஓடினேன். ஒரு பெண் பக்கத்தில் இருக்கட்டும் என்று. அக்கா வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை வாசலில் நின்றேன், மடையன். வந்தபிறகும் முதலில் ஒரு கையால்தான், குழந்தையை அழுத்துவதுபோல், அழுத்தினேன். அக்காதான் அதட்டினார். அப்புறம்தான் இரண்டு கையும் வந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இதயம் துடித்தது. நினைவு மட்டும் கடைசிவரை திரும்பவில்லை. எவ்வளவு நேரம் கழித்துத் தொடங்கினீர்கள் என்று டாக்டர் கேட்டார். உடனே என்றேன். மிஸ்ஸியின் தம்பி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நேற்று அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை வகுப்பு உண்டு. தலையணை அந்தக் கெபாயாவோடுதான் கிடக்கும். முதலில் நான் அழுத்துகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நீலக் கெபாயாவும், மளிகைக்கடைக்குப் போக நூறு அடியும், வர நூறு அடியும்.