காம்போடு ஏழு காய்கள்

தாவரக் காப்பகத்தில் அவளைப் பசைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, கைக்குழந்தையோடு முப்பத்தாறு வயதில் அண்ணன் சிபாரிசில் சேர்ந்தவள். உலர்ந்த கிளைகளைத் தாளில் ஒட்டியே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

அண்ணன் அங்கே செடி சேகரிப்பவர். அவள் சேர்ந்த நான்காம் மாதம், பாறை மேட்டு உச்சியிலிருந்து ஒரு யூகலிப்டஸ் கிளையை ஒடித்து வந்தார். அவ்வளவு உயரத்தில் அந்த மரம் வளரும் என்று அதுவரை யாரும் எழுதியதில்லை. அவள் ஒட்டிக் கொடுத்த தாளில் இருந்த காய்களைப் பார்த்து அதிகாரி சிரித்தார்.

“இது சதுப்பு நிலத்து மரமாச்சே. மேட்டுக்குப் போகவே இல்ல, கீழயே உக்காந்து கதை விடுறீங்க.”

நாலு பேர் முன்னால் மூக்கறுபட்ட மனுஷன் மறுநாளே வேலையை உதறினார். அதன் பிறகு எந்த மரத்தையும் அண்ணாந்து பார்த்ததில்லை.

ஓய்வு பெற மூன்று நாள் இருக்கையில் அந்தத் தாள் பசை விட்டு, மறுபடி ஒட்ட அவளிடம் வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். கிளையில் காய் உதிர்ந்த வடுக்கள் மும்மூன்றாக, காம்பின் சுவடே இல்லாமல் இருந்தன. ஓரத்துக் காகிதப் பொட்டணத்திலோ நீளக் காம்போடு ஏழு காய்கள். மேட்டு மரத்துக் காய்க்குக் காம்பு கிடையாது, சதுப்பு மரத்துக் காய்க்கு உண்டு; இரண்டையும் பிரித்துச் சொல்வதே அதுதான். கிளை மேட்டுடையது, காய் சதுப்புடையது. அந்தக் கிளையை ஒட்டிய அன்று மேசையில் இரண்டு மரத்துக் காய்களும் பக்கம் பக்கமாகக் கிடந்தன. அள்ளிப் பொட்டணம் கட்டியது யார்? பாவி, அவளேதான்.

அங்கே தாளில் ஒட்டிய விவரச் சீட்டு தப்பாக இருந்தாலும் கிழிக்கமாட்டார்கள். திருத்தத்தை அதன் கீழே ஒட்டுவார்கள். “கிளை சரி, இடம் சரி. காயை மாற்றி வைத்தது நான்” என்று எழுதி, பெயர் போட்டு ஒட்டினாள்.

வீட்டில் அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தக் காய நான்தான் மாத்தி வச்சிட்டேன்.”

“தெரியும் பாப்பா. அன்னிக்கே பாத்துட்டேன்.”

“அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?”

“சொல்லியிருந்தா உன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. கைக்குழந்தையோட எங்க போயிருப்ப?”

அவள் அழுதாள். திருத்தி ஒட்டியதைச் சொன்னாள். அவர் கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

“அந்த மரம் இன்னும் நிக்குதான்னு யாராச்சும் போய்ப் பாத்தாங்களா?”

“இல்லண்ணே. நீங்க சொன்னத யாரு நம்புனா?”

அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கட்டிலுக்கடியில் குனிந்து, பழைய பூட்ஸை வெளியே இழுத்தார்.