ஒரு வாக்கால் வந்த தலைவர்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி இரண்டு இடங்களில் நடந்தது, ஸ்காபரோவின் வோபர்னிலும், பக்கத்து நகரமான பிக்கரிங்கிலும். பெற்றோர் சங்கம் மட்டும் ஒன்று. தலைவர் தேர்தலில் குடும்பத்துக்கு ஒரு வாக்கு. வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில்தான் போடவேண்டும். இரு பக்கத்து எண்ணிக்கையையும் கூட்டி, முடிவை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைப்பது கூடுதலான குடும்பங்கள் உள்ள பக்கத்துத் தேர்தல் அதிகாரி. அந்தப் பக்கம் வோபர்ன். அதிகாரி நான். ஒருவரோடும் ஒத்துப்போகாதவன் என்பதால் என்னை நடுநிலையானவன் என்று நம்பிவிட்டார்கள்.

போட்டியிட்டவர்கள் இருவர். வோபர்ன் அண்ணை ஒருவர், பிக்கரிங் வகுப்பை மூடிவிட்டால் நிர்வாகம் லேசு என்றார். மற்றவர் பிக்கரிங்கில் இருக்கும் ஒரு தாய். அவரிடம் கார் இல்லை. வகுப்பை மூடினால் தன் மகளின் தமிழும் அதோடு சரி என்றார்.

தேர்தலன்று காலை, ஸ்காபரோவில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு பிக்கரிங்காரி வாக்குப் போட வந்தார். அந்தத் தாய்க்குப் போடத்தான் வந்திருந்தார், அதை மறைக்கவுமில்லை.

"அக்கா, உங்கட வீடு பிக்கரிங். அங்கைதான் போடவேணும்."

"வேலை முடிய ஆறு மணியாகும் தம்பி. அதுக்குள்ள அங்கை பூட்டிப்போடுவினம்."

"சட்டம் எண்டால் சட்டம்தான் அக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார். கடமையைச் செய்த திருப்தியில் நான் இரண்டு றோல்ஸ் கூடச் சாப்பிட்டேன்.

இதில் ஒரு சின்ன விஷயம். நானும் பிக்கரிங்தான். அங்கே வீடு வாங்கிப் போய் இரண்டு வருடம். மகள் வோபர்ன் ஆசிரியையை விட்டு வரமாட்டேன் என்றதால், பதிவேட்டில் பழைய விலாசத்தை மாற்றாமல் விட்டிருந்தேன். அன்று முதல் ஆளாக வாக்குப் போட்டதும் நான்தான், அண்ணைக்கு. பிக்கரிங் வகுப்பை மூடினால் எனக்கென்ன? சட்டம் மற்றவர்களுக்குத்தானே.

பின்னேரம் பிக்கரிங் எண்ணிக்கை தொலைபேசியில் வந்தது. கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன். அண்ணை ஒரு வாக்கால் முன்னுக்கு. அந்த ஒரு வாக்கு என்னுடையது. வாயைத் திறந்தால் முடிவும் மாறும், என் மானமும் போகும். "அனைவரும் தத்தம் பக்கத்திலேயே வாக்களித்தனர் என்று உறுதிப்படுத்துகிறேன்" என்ற வரிக்குக் கீழே வடிவாகக் கையெழுத்து வைத்தேன். நேர்மையான தேர்தல் என்று சொல்லி அண்ணை எனக்குப் பொன்னாடை போர்த்தினார். வெட்கமில்லாமல் குனிந்து கொடுத்தேன்.

பிக்கரிங் வகுப்பை மூடினார்கள். அந்த வெள்ளிக்கிழமை அந்தத் தாய் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. நாளைக்கு வோபர்னுக்குப் போகேக்குள்ள என்ர பிள்ளையையும் ஏத்திக்கொண்டு போவியளோ? நீங்கள் எங்கட றோட்டுக்குப் பின்னாலைதானே இருக்கிறியள்."

என் குரல் இறங்கிவிட்டது. "உது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"எலெக்சனுக்கு முதலே தெரியும் அண்ணை," என்றார். "பிள்ளையை எத்தினை மணிக்கு வெளிக்கிடுத்தி வைக்க?"