பெரியப்பா எழுதிவைத்த ஏழு வீடுகள்

என் பிள்ளைகளே, உங்கள் பெரியப்பா, என் அண்ணன், மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னீர்கள். அவரிடம் வேறெதுவும் இல்லை. தவறு செய்தவன் நான், அதையும் எழுதுகிறேன்.

மலாயாவில் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அவர். நான்காம் வகுப்புவரை படித்தார். பதினொரு வருடம் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல். ஜப்பான்காரன் வந்து துரையைப் பிடித்துக்கொண்டு போனான்.

அப்போது யாரும் யாரையும் நம்பவில்லை. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எந்த வீட்டில் எத்தனை ஆண்பிள்ளை என்று உள்ளிருந்தே எவனோ எழுதிக் கொடுக்கிறான் என்று பேச்சு.

ஒருநாள் காலியாகக் கிடந்த அரிசிப் பானைக்குள் பெரியப்பாவின் நோட்டைக் கண்டேன். 'பாலம் தாண்டி முதல் வீடு, ஆண்பிள்ளை இருவர். குளத்தோரம் இரண்டாவது, ஒருவர்.' இப்படியே ஏழு வீடு. எங்கள் லயத்திலும் ஏழுதான். பாலமும் குளமும் உண்டு. கடைசி வீட்டுக்கு மட்டும் 'ஆண்பிள்ளை யாருமில்லை.' கடைசி வீடு எங்களுடையது. நம்மை மறைத்துவிட்டு ஊரைக் காட்டிக் கொடுக்கிறார் என்றே நினைத்தேன். மேற்கொண்டு புரட்டவில்லை.

பக்கத்து வீட்டு மாமாவிடம், "ஒங்க பையன காட்டுல ஒளிச்சு வையிங்க" என்றேன்.

"யார்றா எழுதுறான்?"

எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தேன். அவ்வளவுதான்.

அதன்பின் அவருக்கு அடுப்பு நெருப்புகூட யாரும் தரவில்லை. "நான் என்ன பிசாசாடா? கண்டா கதவ சாத்துறாளுங்க" என்று சிரித்தார். மூன்றாம் நாள் மாமா நாலு பேரோடு, கையில் பாராங் கத்தியுடன் வாசலில் நின்றார்.

"நோட்ட எடு."

பெரியப்பா எடுத்து வந்து, அடுத்த பக்கத்தையும் அவரே படித்தார். "கோபுரம் சாஞ்ச மாதா கோயில். தண்ணியில ஓடுற மாவு மில்லு. வெள்ளத்துல போன பழைய பாலத்துக்குப் பதிலா கல்லுப் பாலம்..."

"நம்ம லயத்துல ஏதுடா மாதா கோயில்?" என்றார் ஒருவர்.

"துரையோட ஊருண்ணே. இங்கிலாந்துல இருக்கு, ஏழே வீடு. கடைசி வீடு அவரோடது, அம்மா மட்டும் இருக்காங்க. சாப்பிடறப்ப தெனம் சொல்லுவாரு. அவரு செத்துட்டா எந்த ஊருன்னு சொல்லிப் படைக்கிறது?"

"வெள்ளைக்காரன் ஊர எழுதி வச்சிருக்கியே, சிக்குனா தல போயிடும்லா!" மாமா பாராங்கைக் கீழே வைத்தார்.

"நான் ஆள் குடுக்கிறேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது, மாமா?"

மாமாவின் பார்வை என் பக்கம் திரும்பியது. பெரியப்பா என்னைப் பார்த்தார். "உள்ள வாடா, கெழங்கு ஆறுது" என்றார். சாகும்வரை என்னிடம் அதைக் கேட்கவே இல்லை.

ஜப்பான் சண்டை முடிந்தும் துரை திரும்பவில்லை. ஆடி அமாவாசைதோறும் அவருக்கும் ஓர் இலை போட்டு, ஏழு வீட்டையும் வாசித்துப் படைத்தார்.

கடைசி நாட்களில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு மாறி மாறி வந்த உறவுகளுக்கும், பாடைக்கு முதல் தோள் கொடுத்த மாமாவின் மகனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திவசம் முடிந்து நீங்கள் புறப்பட்ட பின், தனியே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். 'எட்டாவது வீடு, காப்பார் லயம். ஆண்பிள்ளை இருவர்' என்று எழுதி மூடினேன்.