ஏறுவதற்கு ஒரு கல்

குதிரையிலிருந்து இறங்குமுன் ஆர்வில்லா அத்தை தரையைப் பார்ப்பாள். பக்கத்தில் ஒரு பாறையோ, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையோ இருந்தால்தான் இறங்குவாள். இல்லையென்றால் எவ்வளவு தாகமானாலும் சேணத்திலேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது தண்ணீர்க் குடுவையை எட்டிக் கொடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் அவளுக்கு மறுபடி ஏறக் கல் தேவையே இல்லை. கால்சட்டை போட்டு, ஆண்களைப் போல இருபுறமும் காலிட்டு ஓட்டுகிறவள். ஓடுகிற குதிரையில் தாவி ஏறத் தெரியும் என்பதற்காகவே சினிமாக் கம்பெனிகள் அவளைக் கூப்பிட்டன. அதனால் ஊரில் எல்லோருக்கும் இது ஒரு கேலி. "வில்லா, உன் சவப்பெட்டிக்குப் பக்கத்துலயும் ஒரு கல்லு போட்டுடறோம், எந்திரிச்சு வர வசதியா இருக்கும்" என்பார் என் அப்பா ஆரின். "போட்டுட்டுப் போடா. உன்ன மாதிரி ஏணி கேக்கலையே" என்பாள்.

அவர்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்ல. ஒரே முலையில் பால் குடித்தவர்கள். அதனால்தான் எனக்கு அவள் அத்தை.

அவளைப் பெற்றவள் தர்சா லேம். கணவன் சுரங்கத்தில் செத்த பிறகு திருட்டுக் குதிரைகளை எல்லை கடத்திக் கொடுத்தவள். கைக்குழந்தையோடு போகிற பெண்ணை எவனும் நிறுத்திக் கேட்க மாட்டான் என்று இரண்டு திருடர்கள் கணக்குப் போட்டார்கள். அவளும் தெரிந்துதான் போனாள். 1906-இல், எங்கள் ஊருக்குத் தெற்கே உள்ள மணல் ஓடையில், ஷெரீப்பின் ஆள் ஹைரம் அவளைப் பிடித்தார். ஹைரம் என் அப்பாவின் தகப்பனார். தர்சா அவரைத் தொடையில் சுட்டாள் என்பதும், அவர் ரத்தம் ஒழுக ஒழுக அவளைக் கட்டி இழுத்து வந்தார் என்பதும் எங்கள் ஊர் கார்மல் கிரீக்கில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. சுட்டதற்காக அவளுக்குத் தண்டனை கூடியது. சிறையிலேயே காசம் வந்து செத்தாள். சிறையின் பின்புறம், பெயர் எழுதாத மண்ணில் புதைத்தார்கள். தர்சா பிடிபட்டதுமே குழந்தையை ஹைரம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மனைவி லோவினாவுக்கு அப்போதுதான் என் அப்பா பிறந்திருந்தார். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் திருடியின் மகள் என்று வளர்த்தாள்.

அத்தைக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அம்மாவின் எலும்பைச் சிறை மண்ணிலிருந்து எடுத்து வந்து எங்கள் கல்லறைத் தோட்டத்தில் வைக்க வேண்டும். ஊர்க் குழுவிடம் எத்தனையோ தடவை கேட்டாள். குதிரை திருடியது பரவாயில்லை, இந்த ஊரில் யாருடைய தாத்தா யோக்கியம் என்று சிரிப்பார்கள். ஆனால் ஹைரமைச் சுட்டவளை ஹைரம் கிடக்கிற மண்ணில் வைப்பதா?

"திருடினா. இல்லன்னு நான் சொல்லல. ஆனா சுடல" என்பாள் அத்தை.

"உனக்கு எப்படித் தெரியும் வில்லா? நீ அப்போ தொட்டில் புள்ள" என்பார் குழுவின் தலைவர். குழுவின் தலைவர் என் அப்பா.

அதற்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை.

1949 கோடையில் நான் கல்லூரி முடித்து ஊர் திரும்பினேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சரித்திரம் படித்திருந்தேன். அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல், வந்திறங்கிய சினிமாக் கம்பெனியில் கூட்டத்தில் நிற்கும் வேலைக்குச் சேர்ந்தேன். படம் தர்சா லேமைப் பற்றியது. படத்தில் அவள் பெயர் கார்மல் ராணி.

இயக்குநர் வின்ஃபீல்டுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். சட்டைப் பொத்தான்கூட 1906-ஆம் ஆண்டுப் பொத்தான். அத்தையிடம் அவள் அம்மாவின் சேணம் இருப்பது தெரிந்ததும் வீட்டுக்கே வந்து வாங்கிப் போனார். அது பெண்கள் நீண்ட பாவாடையோடு இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு உட்காரும் பக்கச் சேணம். மறுநாள் போய்ப் பார்த்தால், கொள்ளைக்காரி குடிசையின் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள், அலங்காரத்துக்கு. கொள்ளைக்காரியோ தொடையைப் பிடித்த கால்சட்டையில், இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடு ஆண் சேணத்தில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா அந்தச் சேணத்துலதான் போனா சார்" என்றாள் அத்தை.

"அதான் சுவத்துல இருக்கே! அசல் பொருள்!" என்றார் வின்ஃபீல்டு.

அன்று அத்தை அவர் பின்னாலேயே நடந்தாள். "ஒரே ஒரு காட்சி எடுங்க சார். அவ ஏன் மாட்டிக்கிட்டான்னு. புள்ள அழுதுது. பால் குடுக்க இறங்கினா. அந்த ஓடைல எங்க பாத்தாலும் மணல்தான். பக்கச் சேணத்துல ஏறணும்னா ஒரு கை தூக்கி விடணும், இல்ல கால் வைக்க ஒரு கல்லு வேணும். ரெண்டும் இல்ல. கைல புள்ள. ஏறப் பாத்தா, ஏறப் பாத்தா, முடியல. அதுக்குள்ள ஆள் வந்துட்டான்."

வின்ஃபீல்டு நின்றார். "குதிரை ஏறத் தெரியாத கொள்ளைக்காரியா? ஜனங்க சிரிப்பாங்க வில்லா."

கல்லே மலையாக நிற்கிற ஊர் எங்களுடையது. எங்கு திரும்பினாலும் சிவப்புப் பாறை. அந்த ஓடையில் மட்டும் கூழாங்கல்கூடக் கிடையாது. அத்தை ஏன் தரையைப் பார்த்து இறங்குகிறாள் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

ராத்திரி அவளிடம் கேட்டேன். "அத்தை, அந்தக் காட்சி வந்தா மட்டும் என்ன ஆயிடும்?"

"நீதான் படிச்சவளாச்சே, யோசி. ஒரு கைல புள்ள, ஒரு கைல கடிவாளம். துப்பாக்கிக்கு மூணாவது கை எங்கருந்து வரும்? நான் வாயத் தொறக்கவே வேணாம் புள்ள. ஊரு பாத்துக்கும்."

வகுப்பில் எங்களுக்கு ஆதாரத்தை எடைபோடக் கற்றுக்கொடுத்தார்கள். இவளிடம் இருந்தது ஆதாரமா, ஆசையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றும் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

கடைசி வாரம் அவளுக்கு வழி பிறந்தது. படத்தின் முடிவில் ராணி சரணடைய மறுத்து, குதிரையோடு மேட்டிலிருந்து ஆற்றில் பாய்கிறாள். சினிமாவில் பெண் விழுகிற காட்சிகளை ஒரு ஆண்தான் பொய்முடி வைத்துக்கொண்டு செய்வான், அதுதான் வழக்கம். எங்கள் ஊர் டெல் ரிக்ஸ் தங்கநிற முடியை மாட்டி, உதட்டுச் சாயம் பூசி, மேட்டில் நின்று கீழே பார்த்தான். ஆறு வற்றியிருந்தது.

"நான் மாட்டேன்ப்பா" என்றான். "இதுல குதிச்சா நெஜமாவே பொம்பளையாத்தான் எந்திரிப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். வின்ஃபீல்டு மட்டும் சிரிக்கவில்லை. கம்பெனி கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது.

"நான் குதிக்கிறேன் சார்" என்றாள் அத்தை. "ஆனா மொதல்ல என் காட்சி."

"லூசா நீ?" என்று அப்பா அவள் தோளைப் பிடித்தார். "நாப்பத்தி மூணு வயசுல எலும்ப உடைச்சுக்கப் போறியா? செத்துப்போனவளுக்காகவா?"

"உனக்கு அம்மா இங்க பக்கத்துல கெடக்கா. ஞாயித்துக்கெழம பூ வெக்கிற. எனக்கு?"

அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே எடுத்தார்கள். சுவரிலிருந்து சேணம் இறங்கியது. அத்தை தலையில் துணி கட்டி, பழுப்பு நிற நீண்ட பாவாடையில் வந்தாள். பொம்மை கொடுத்தார்கள், வேண்டாம் என்று டெல்லின் தங்கையுடைய கைக்குழந்தையை வாங்கிக்கொண்டாள். ஓடை மணலில் இறங்கி, கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு தூரத்தில் குளம்புச் சத்தம் கேட்டதுபோலத் தலையைத் தூக்கினாள். எழுந்தாள். குழந்தையை இடது கையில் இடுக்கிக்கொண்டு சேணத்தைப் பிடித்துத் தொங்கினாள். பாவாடை காலைச் சுற்றியது. குதிரை விலகியது. கடிவாளத்தை விடாமல் அதன் பின்னாலேயே வட்டமாகச் சுற்றினாள், மறுபடி தொங்கினாள், விழுந்தாள், குழந்தை வீறிட்டது. அவள் நடித்தாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அவள் கண் மணலைத் துழாவிக்கொண்டே இருந்தது.

"யோவ், யாராவது ஒரு பெட்டியக் கொண்டாந்து போடுங்கய்யா!" என்று கத்தினான் டெல். கையில் பொய்முடி, வாயில் உதட்டுச் சாயம். யாரும் அவனை அடக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

"அருமை" என்றார் வின்ஃபீல்டு, மெதுவாக.

மறுநாள் காலை அத்தை ஆற்றில் பாய்ந்தாள். குதிரை எழுந்து நடந்தது. அவளை எழுப்ப நான்கு பேர் வேண்டியிருந்தது. இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக நான்தான் இருந்தேன். வலிக்கு ஊசி போட்ட ஒரு மத்தியானம் அவளாகச் சொன்னாள். "உங்க தாத்தாதான் சுட்டுக்கிட்டாரு. பால் குடுத்துட்டு மாரக்கூட மூடாம நின்னவளப் பாத்ததும் வெக்கப்பட்டு, மொகத்தத் திருப்பிக்கிட்டே அவசரமா எறங்கினாரு. அவரு துப்பாக்கி அவரு தொடையிலேயே வெடிச்சுது. ஊருக்கு வந்து அதச் சொல்ல முடியுமா? லோவினாம்மா சாகும்போது எங்கிட்ட சொன்னா. சொல்லிட்டு, ஆரின் உசுரோட இருக்கிற வரைக்கும் உன் வாயால இது வெளிய வரக்கூடாதுன்னு கையப் புடிச்சுக்கிட்டா."

"நீங்க சத்தியம் பண்ணீங்களா?"

"அவ பால்ல வளந்த ஒடம்பு புள்ள இது. வேற என்ன பண்ணுவேன்?" பிறகு, "படத்துக்கு வாய் கெடையாதுல்ல. அது சொல்லலாம்" என்றாள்.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் துப்பாக்கியின் ஆறு குண்டு அறைகளில் ஒன்றைக் காலியாகவே வைப்பார்கள்; தவறி இடித்தாலும் வெடிக்காமலிருக்க, குண்டை அடிக்கும் சுத்தியல் அதன்மேல்தான் நிற்க வேண்டும். தாத்தா அப்பாவை அடித்துப் பழக்கியது. அவர் எதற்காக அப்படிப் பயந்தார் என்று யாரும் கேட்டதில்லை.

பனிக்காலத்தில் படம் எங்கள் ஊர்க் கொட்டகைக்கு வந்தது. மொத்த ஊரும் வந்தது. தானோ, தன் மாடோ தலைகாட்டும் இடத்துக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அத்தை அக்குள் கட்டைகளை ஊன்றி வந்து, எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

மணல் ஓடை வந்தது. அவள் முதுகு. குழந்தை. தலை நிமிர்கிறது. எழுகிறாள், சேணத்தில் தொங்குகிறாள், விழுகிறாள். இருட்டில் அத்தை என் விரல்களை நெரித்தாள்.

திரையில் ஒரு கை வந்தது. கை மட்டும், திரை முழுக்க. பழுப்புத் துணி மடிப்புக்குள் நுழைந்து ஒரு துப்பாக்கியை எடுத்தது. நகங்கள் சாயத்தில் பளபளத்தன. வெடித்தது. ஹைரமாக நடித்தவர் தொடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அடுத்த கணம் நாயகி கால்சட்டையில் குதிரைமேல் பறந்தாள். பாவாடை எங்கே போனது, குழந்தை எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. கை தட்டினார்கள்.

அத்தை எழுந்தாள். கட்டை ஒன்று கீழே விழுந்தது.

"அது என் கை இல்ல" என்றாள்.

"உக்காருங்க வில்லா, மறைக்குது" என்றது ஒரு குரல்.

"அது என் கை இல்ல! எங்க அம்மா கையும் இல்ல. பாருங்க, இந்த நகத்தப் பாருங்க." அவள் தன் கைகளைத் திரையின் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அவற்றின் நிழல் திரையில் ஓடுகிற குதிரையின்மேல் விழுந்தது. பின்வரிசையில் சிரித்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். "ஆரின், நீயாவது சொல்லுடா."

அப்பா மடியிலிருந்த தொப்பியின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. தெரியாதவர் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாதம் குழு அவள் மனுவுக்காகக் கடைசியாகக் கூடியது. இனி யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். அத்தை அதன் பிறகு குதிரை ஏறவில்லை. கல் இருந்தும் ஏற முடியாது. வசந்தத்தில் சளிக்காய்ச்சல் வந்து செத்துப்போனாள். லோவினாவுக்குக் கொடுத்த வாக்கைக் கடைசி வரை காப்பாற்றினாள். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இதை அப்பா படிப்பார்.

படப்பிடிப்பு நடக்கும்போதே, அம்மாவுக்கென்று அவள் ஒரு கல் பார்த்து வைத்திருந்தாள். முழங்கால் உயரம், மேலே தட்டை. முதலில் ஓடையில், அம்மா இறங்கிய இடத்தில் கொஞ்ச நாள் போட்டு வைக்க வேண்டும். பிறகு அம்மா ஊருக்கு வந்ததும் தலைமாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு குதிரைகளைப் பூட்டிப் பாதி தூரம் இழுத்தும் விட்டாள். மீதியை ஆற்றில் குதித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

தர்சா லேம் இன்னும் சிறைக்குப் பின்னால்தான் கிடக்கிறாள். கல் பாதி வழியில் கிடக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் அதில் கால் வைத்துக் குதிரை ஏறுகிறார்கள்.