குளத்துக்குப் போன வண்டி

திருப்பூரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தான், கம்பெனியில் வெட்டிக் கழிக்கிற துணித்துண்டு. வண்டி துடைக்க, தலையணை அடைக்க, கதவிடுக்கில் செருக. குளத்தங்கரைப் பூங்காவுக்குப் போகிற பாதை மோசம் என்று கேள்விப்பட்டதும், என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் சீட்டின் உறையைப் பிரித்து உள்ளே வேஸ்டைத் திணித்துத் தைத்துவிட்டார். சீட் திண்டு மாதிரி உப்பி நின்றது.

எனக்குப் பூங்காவைவிட வண்டிதான் முக்கியம். கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் மத்தியான இடைவேளையில் ஓட்டப் பழகி, எல்.எல்.ஆரும் வாங்கியாயிற்று. ஆனால் வண்டி கைக்கு வரவில்லை. தினமும் சாயந்திரம் எல்லோரும் போன பிறகு, வாட்ச்மேனுக்குத் துணையாகக் கேட்டில் நின்று இவருக்காகக் காத்திருப்பேன். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். வண்டியைக் கேட்டால், "ரோடு பூரா லாரிதான் கண்ணு, உனக்கெதுக்கு?" என்பார். பூங்காவுக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை லாரி இல்லாத ரோடாகப் பார்த்துக் கேட்டுவிடுவது என்றிருந்தேன்.

வீரபாண்டி தாண்டி வெகுதூரம் போய், தார் ரோடு முடிந்து ஜல்லி பெயர்ந்த மண்பாதை வந்தது. "இங்க லாரியே இல்லீங்க. நான் ஓட்டட்டுங்களா?" என்றேன்.

"இந்த ரோட்டுல நானே தடுமாறறேன், நீ ஓட்டறயாக்கும்!"

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு குழி. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றப் போனார். கால் தரைக்கு எட்டவில்லை. வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்து எங்கள் இருவரையும் புழுதியில் இறக்கிவிட்டது. அடி ஒன்றும் இல்லை. அவர் கட்டிங் மாஸ்டர். துணியை நூல் பிசகாமல் வெட்டுகிறவர் தன் காலை அளக்க மறந்துவிட்டார். நான் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

மிச்சப் பாதையை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். பூங்கா என்றால் நாலு கல் பெஞ்சு, ஒரு சறுக்கு மரம், அவ்வளவுதான். ஆனால் மழைக்குப் பிறகு குளம் கரை தொட்டுக் கிடந்தது. சாயம் படாத அவ்வளவு தண்ணீரைப் பார்த்ததில் மனசு நிறைந்துவிட்டது. கொக்குகள் எங்களைச் சட்டை செய்யவே இல்லை. அவர் மட்டும் கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைத் தின்றபடி உப்பிய சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கேட்காமலேயே சாவியை நீட்டினார். நான் உட்கார்ந்தேன். இரண்டு காலும் அழகாகத் தரையில் பதிந்தன. நான் அவரைவிட நாலு விரல் உயரம். கல்யாணப் போட்டோவில் அவரைப் படியில் ஏற்றித்தான் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

குழிக்குக் குழி என் தோளைப் பிடித்து "மெதுவா, மெதுவா" என்று கத்தினவர், பாதி வழியில் அடங்கிவிட்டார். தார் ரோடு வந்ததும் நிறுத்தி, "நீங்க ஓட்டறீங்களா?" என்று கேட்டேன்.

"நீயே ஓட்டு. எனக்குக் கால் எட்ட மாட்டீங்குது."

நான் வண்டியைக் கிளப்பினேன். நல்லவேளை, முகம் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, வேஸ்டை எடுத்துவிட்டுச் சீட்டைப் பழையபடி தைக்கலாமே என்றேன்.

"அது கெடக்கட்டும். உன்ற உசரத்துக்குச் சரியா இருக்குதில்ல," என்று டிபன் பையோடு பின்னால் ஏறிக்கொண்டார்.