வெளிர்சாம்பல் எழுத்து

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். வெப்சைட் டிசைன் செய்கிறேன். பரிசு வாங்கிய வெப்சைட்டுகளை ரயிலில் பார்த்துத்தான் தொழில் கற்கிறேன்.

அன்று கூடுவாஞ்சேரியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செக்யூரிட்டி உடையில் இருந்தார். செல்போனை மூக்கோடு ஒட்டிவைத்து, வார்த்தை வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார்.

"கண்ணு ஆபரேஷனுக்கு நாளு வாங்கணும் தம்பி. காலையிலேர்ந்து ஒரே பேஜாரா கீது."

ஆஸ்பத்திரியின் வெப்சைட் அது. எழுத்தைப் பெரிதாக்கினால் பதிவு செய்யும் பட்டன் திரைக்கு வெளியே ஓடியது. சின்னதாக்கினால் அவருக்கு எழுத்தே தெரியவில்லை.

"குடுங்கண்ணா, நான் போடுறேன்" என்று வாங்கினேன். பட்டனை அழுத்தியதும் வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது.

"இன்னா போட்டுகீது?"

"இன்னைக்குப் பதிவு முடிஞ்சிடுச்சாம்."

அவர் செல்போனைத் திரும்ப வாங்கி, அந்த வரியை மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு, "இம்மாம் பூஞ்சையா எழுத்து வெச்சா யாருக்குத் தெரியும்? எவன் வெக்கிறான் இத?" என்றார்.

"எங்கள மாதிரி ஆளுங்கதான். இப்போ இதுதான் அழகுன்னு பரிசெல்லாம் தர்றாங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். திரையை என் பக்கம் திருப்பி, தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்:

"நெசமாவே அழகா கீதா தம்பி?"

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.