ஸ்டெல்லா ஆன்ட்டியின் கத்தரிச் செடி

டெலிவிஷனில் சமைப்பவருக்குப் பாராட்டு, அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவருக்குப் பதில் சொல்பவளுக்குத் திட்டு. இதுதான் எங்கள் தொழில் தர்மம். எங்கேயாவது ஒரு மேஜையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் “சொல்லுங்க சார்”, “சொல்லுங்க மேடம்” என்று குழைந்து பிழைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் பட்டிருப்பீர்கள்.

நான் பட்டது தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்த லோக்கல் கேபிள் சானலில். முதலாளி நாகராஜ், கேமராமேன், நான், அவ்வளவுதான் அலுவலகம். எங்களிடம் உருப்படியாக இருந்த ஒரே நிகழ்ச்சி ‘பறிச்சதும் சமைச்சதும்’. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஸ்டெல்லா ஆன்ட்டியின் வீட்டைச் சுற்றி நல்ல தோட்டம். வாரா வாரம் அதில் காய்த்ததைப் பறித்து அங்கேயே சமைத்துக் காட்டுவார். உப்பு, எண்ணெய், பருப்பு மாதிரி சாமான்கள் கடையில் வாங்கலாம்; காயும் கீரையும் தோட்டத்தைத் தாண்டி வரக்கூடாது. இது ஆன்ட்டியே போட்ட சட்டம். வெள்ளிக்கிழமை படம் பிடிப்போம், ஞாயிறு மத்தியானம் போடுவோம். திரையின் அடியில் ஒரு போன் நம்பர் ஓடும். அந்தப் போன் என் மேஜையில் இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் உப்பு

முதல் மாதமே ஒரு அம்மா கூப்பிட்டு, முருங்கைக்கீரைப் பொரியலில் உப்பு அதிகம் என்றார். டிவியில் பார்த்த பொரியலுக்கு உப்பு எப்படித் தெரிந்தது என்று மிகப் பணிவாகக் கேட்டேன். பணிவுக்குள் கொஞ்சம் கிண்டலும் இருந்தது, மறைப்பானேன்.

“அள்ளுற கையைப் பார்த்தாலே தெரியாதாம்மா? எங்க வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துக்கிட்டே ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு!”

புளியா, தக்காளியா?

அவரைக்காய் சீசன் வந்தால் பெங்களூரில் யாருக்கும் வேறு நினைப்பே இருக்காது. ஆன்ட்டி கொடியிலிருந்து பறித்து, உரித்து, ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகத் தோல் பிதுக்கி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்தார். புளி கரைத்து ஊற்றினார். அவ்வளவுதான், போன் சூடாகிவிட்டது. புளி ஊற்றினால் அது குழம்பே இல்லை என்று பாதிப் பேர். தக்காளி போடுகிறவர்களுக்கு நாக்கே இல்லை என்று மீதிப் பேர். எல்லோரிடமும் “நீங்க சொல்றதுதான் சரி” என்றேன். கடைசியாக ஒரு பெண் மிகத் தணிந்த குரலில் பேசினாள். பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும்.

“எங்க அம்மா வீட்ல புளி, மாமியார் வீட்ல தக்காளிங்க. புளிதான் சரின்னு டிவியில ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க, நான் கொஞ்ச நாள் நிம்மதியா இருந்துக்கறேன்.”

பார்சல் சாப்பாடு

ஒரு பையன் பேசினான். மதுரைப் பக்கம். எங்கள் தெருவுக்குப் பின்னால் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி, ஆபீஸ் பஸ்ஸில் வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு எங்கள் நிகழ்ச்சியைப் பார்த்தபடி சாப்பிடுவானாம். அவனுக்கு ஒரு குறை. சமைத்து முடித்ததும் ஆன்ட்டி “வாங்க, சாப்பிடலாம்” என்று சொல்வது வழக்கம். அதைக் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்துச் சொல்கிறாராம். பக்கவாட்டில் நின்றது நான். எல்லாவற்றையும் முதலில் தின்றதும் நான்தான். ஆன்ட்டியிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவர் நேரே கேமராவைப் பார்த்து, “வாப்பா, சாப்பிடு” என்றார். அன்றைக்கு அவன் மறுபடியும் கூப்பிட்டான்.

“இன்னைக்கு என்னையத்தான் பார்த்தாங்க மேடம், தேங்க்ஸ்.”

என்ன உரம்?

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஆலங்கட்டி மழை. மறுநாள் படம் பிடிக்கப் போனால் தோட்டம் தரைமட்டம். சுவரோரம் ஒரு கத்தரிச் செடி மட்டும் நின்றது, காய் ஒன்றுகூட இல்லாமல். ஒன்றிரண்டு காயாவது தப்பியிருக்கும் என்று நம்பி, ஆன்ட்டி உள்ளே மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். முதலாளி “ஸ்வல்ப இரு”, கொஞ்சம் பொறு என்று கன்னடத்தில் என்னிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்து, பச்சை நூலால் செடியில் தானே கட்டினார். கேமரா ஓட ஆரம்பித்தது. ஆன்ட்டி காயில் கை வைத்ததும் நூல் விரலில் பட்டது. அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஆனால் நடுவில் நிறுத்தத் தெரியாத மனுஷி, பறித்துவிட்டார்.

கட்டியதுதான் கட்டினார், முதலாளி போன வாரக் காயையாவது ஞாபகம் வைத்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடியும் முன்பே போன் வந்தது. கோபமே இல்லாத பெண்குரல்.

“போன வாரம் அந்தச் செடியில குண்டு ஊதாக் காய், இந்த வாரம் நீளப் பச்சைக் காய். நாங்களும் தொட்டியில கத்தரி வச்சிருக்கோம், என்ன உரம் போட்டாங்கன்னு கேட்டுச் சொல்றீங்களா?”

ஒரு ஞாயிறு

ஊர் முழுக்க அதே பேச்சு. முதலாளி பயந்துபோய், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் சினிமாப் பாட்டுப் போடலாம், ஜனங்கள் மறந்துவிடுவார்கள் என்றார். திங்கட்கிழமை ஆன்ட்டி எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். முந்தின நாள் சாயங்காலம் சர்ச்சில் எல்லோரும் கத்தரிக்காய் எந்தக் கடை என்று கேட்டுச் சிரித்தார்களாம். சிறுவயது முதல் அதே பெஞ்சில் உட்காருகிறவர், இனிமேல் எந்த முகத்தோடு அங்கே போவார்? எனக்கு முதலாளியைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. சம்பளம் வாங்குகிற கை, சும்மா இருந்தது. ஆன்ட்டி சத்தம் போடவில்லை.

“நிறுத்துறதுன்னா நிறுத்துங்க நாகராஜ், ஆனா என்னைப் பொய்க்காரியா நிறுத்தாதீங்க. ஒரே ஒரு ஞாயிறு குடுங்க.”

அடுப்பு எரியாத வாரம்

கொடுத்தார். அந்த வாரம் ஆன்ட்டி, சரிந்து கிடந்த அவரைப் பந்தலையும் கிழிந்த வாழையிலையையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். போன வாரம் சமைத்தது கடைக் கத்தரிக்காய் என்றார். யார் கட்டினார்கள் என்று சொல்லவில்லை. “என் செடி, என் கைதான் பறிச்சுது. மன்னிச்சுக்குங்க. தோட்டத்துல ஒண்ணும் இல்ல, அதனால இன்னைக்குச் சமையலும் இல்ல” என்று கும்பிட்டார்.

நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அது அடிக்கவே இல்லை. திட்டு வராத ஞாயிறு எப்படி இருக்கும் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். வந்தபோது ரிசீவரை எடுத்து, டயல் டோன் வருகிறதா என்று பார்த்தேன். முதலாளி பாட்டுக் கேசட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கப் போனால் மாடிப்படியில் ஏற இடமில்லை. ஆளுக்கொரு பை. பீர்க்கங்காய், சௌசௌ, கறிவேப்பிலை, பழைய பக்கெட்டில் வளர்த்த வெந்தயக்கீரை. எல்லாம் அவரவர் வீட்டில், மாடியில், ஜன்னல் ஓரத்தில் விளைந்தவை. ஆன்ட்டிக்குச் சமைக்க ஒன்றுமில்லையாமே, கொடுத்துவிடு என்றார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா என் கையில் குண்டு ஊதாக் கத்தரிக்காய்களை வைத்தார். குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

“எங்க தொட்டியில காய்ச்சதும்மா. நூல் இல்ல, நல்லாப் பார்த்துக்கச் சொல்லு.”

மறுபடியும் போன்

அடுத்த ஞாயிறு ஆன்ட்டி, கொடுத்தவர்கள் பெயரை எல்லாம் சொல்லி, அத்தனை காயையும் சமைத்தார். நிகழ்ச்சி பாதியில் இருக்கும்போதே போன் அலற ஆரம்பித்தது. என் பீர்க்கங்காயின் தோலைத் துவையல் அரைக்காமல் குப்பையில் போட்டது எந்த ஊர் நியாயம்? என் சௌசௌவை இவ்வளவு பெரிய துண்டாகவா நறுக்குவது? வெந்தயக்கீரையை அரிந்த பிறகா அலசுவார்கள்? ஒரு கையில் ரிசீவரோடு சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, என்ன சொல்கிறார்கள் என்றார். திட்டுகிறார்கள், போனைக் கீழே வைக்க முடியவில்லை என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு பாட்டுக் கேசட்டுகளை அள்ளி அலமாரியில் போட்டுப் பூட்டினார்.

“திட்டட்டும் விடும்மா, அடுத்த வாரமும் ஆன்ட்டிதான்.”

நம்மைத் திட்டுவதற்காக ஒருவர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு எழுந்து போன் செய்கிறார் என்றால் அதற்குப் பெயர் பாசம்தான், கேட்கிற காதுக்குத்தான் அது உடனே தெரிவதில்லை.